நான்காம் கூண்டில் வைத்த கை

மார்ச் 3, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. நான்காம் கூண்டுக்குக் கை வைக்க வேண்டியது என் முறை. வைத்தது மாமா. பதிவேட்டில் இந்த மாதம் முழுவதற்கும் பெயர்களை நான் முன்கூட்டியே எழுதிவிட்டதால் என் பெயரே நிற்கிறது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். யார் கை என்று கொசுவுக்குத் தெரியவா போகிறது? இருந்தாலும் தவறு தவறுதான். அடுத்த மாதத்திலிருந்து நடந்த பிறகே எழுத வேண்டும்.

இதை எழுதியவளை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் நோட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. மேசையில் பெரிய நோட்டு, சட்டைப் பையில் சின்ன நோட்டு, தோள்பையில் ஆய்வகப் படிப்பின் மாலை வகுப்பு நோட்டு, வீட்டில் தலையணைக்கு அடியில் நாட்குறிப்பு. பால் பொங்கினால்கூட எத்தனை மணிக்குப் பொங்கியது என்று குறித்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள் என்று மாமா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எழுதியதைத் திரும்பப் படிப்பாள். சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி படிப்பாள். அந்தச் சந்தேகம் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் பாதி நேரத்தில் வேலையை முடிக்கலாம் என்று அங்கே பொறுப்பிலிருந்த மேடம் அவளைக் கண்டித்ததும் உண்டு.

அது கொசு வளர்க்கும் கூடம். கொசுவலையில் தோய்க்கும் மருந்து உண்மையில் கொசுவைக் கொல்கிறதா என்று பார்ப்பதற்கு, எந்த நோயும் ஒட்டாத சுத்தமான கொசுக்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நீண்ட நடை, இரட்டைக் கதவு, இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு திரை, அதற்கப்பால் மங்கலான வெளிச்சத்தில் இருபத்தேழு டிகிரியில் ஓர் அறை. உள்ளே இரும்பு அலமாரியில் ஆறு கூண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு முழ அகலத்தில் வலைத்துணி போர்த்திய பெட்டி. மேலே ஈரத் துண்டு, உள்ளே சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு.

பெண் கொசு முட்டையிட வேண்டுமானால் ரத்தம் குடித்தாக வேண்டும். இந்த வகைக் கொசு பிடிவாதம் பிடித்தது. ரத்தத்தைச் சூடாக்கிச் செயற்கைத் தோலில் கட்டிக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. மனிதக் கைதான் வேண்டும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு, முறை வைத்து, கூண்டின் பக்கத்திலுள்ள துணிக்குழாய் வழியாக முழங்கை வரை கையை விட்டுப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தவர் மூன்று மாதத்துக்குக் கை வைக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

மாமா அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர் ஓட்டுநர். நோட்டுவின் அம்மாவுக்குத் தம்பி. காட்டோரக் குட்டைகளிலிருந்து கொசுப்புழு பிடித்து வரும் குழுவை வண்டியில் கொண்டுபோய் வாரக்கணக்கில் தங்கியிருந்து திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. நோட்டுவுக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த மூன்றாம் தேதி காலையில் அவர் புழுத் தொட்டிகளை இறக்க வந்தபோது, நோட்டு கூண்டின் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டியபடி நின்றிருந்தாள். முந்தின வெள்ளிக்கிழமைத் தடிப்பு இன்னும் அடங்காமல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து கிடந்தது.

"என்னடி இது, கையா, கருணைக்கிழங்கா?" என்றார் மாமா.

"என் முறை மாமா. வச்சுத்தான் ஆகணும்."

"சாயங்காலம் பரீட்சைங்கற. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன எழுதுவ? நகரு. என் கையில ஓடுறதும் ரத்தம்தான்."

"நீங்க பட்டியல்ல இல்லையே. போன மாசம் காய்ச்சல்னு வேற அம்மா சொன்னாங்க."

"அது சளிக்காய்ச்சல். வந்த வழியே போயிடுச்சு. இப்ப பாரு, கல்லு மாதிரி இருக்கேன்." அவர் அதற்குள் கையை உள்ளே விட்டுவிட்டார். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கொசுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. "வா கண்ணுங்களா, வா. மாமா வீட்டு விருந்து. கூச்சப்படாம சாப்பிடு."

பதினைந்து நிமிடமும் அவர் அவற்றோடு பேசிக்கொண்டே இருந்தார். கை எடுத்தபோது கூண்டுச் சுவரெல்லாம் கருஞ்சிவப்பாக உப்பிய வயிறுகள். நோட்டு பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டாள். அவளுக்கு அழகான கையெழுத்து. மாதம் முழுவதற்கும் பெயர்கள் ஒரே நேர்க்கோட்டில் முத்து கோத்ததுபோல் இறங்கின. அந்தப் பக்கத்தில் ஓர் அடித்தலை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் குறிக்கத்தக்கதாக இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் அவள் குறித்தாள்.

ஏழாம் தேதி சனிக்கிழமை குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. பழுது பார்ப்பவர் செவ்வாய் மாலைதான் வந்தார். நான்கு நாளும் அறை முப்பது டிகிரியைத் தொட்டது. நோட்டு காலை, மாலை இரண்டு வேளையும் வெப்பத்தைக் குறித்தாள். கொசுக்கள் நன்றாகத்தான் இருந்தன.

இன்னொன்று, ஊசி அக்கா சொன்னது. கொசுவை ஊசி முனையில் பிரித்து வயிற்றையும் சூலகத்தையும் பார்த்து வயதைச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"நாப்பத்தேழு நாள் ஆச்சு."

நோட்டுவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அக்கா. நிஜமாவா?"

"மெதுவா. வீட்ல அவருக்கும் எனக்கும், இப்ப உனக்கும் தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப முறைப் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுக்கச் சொல்லணுமே."

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க. முன்னாடி ரெண்டு தடவையும் முந்திக்கிட்டு எல்லார்கிட்டயும் சொன்னேன். ரெண்டு தடவையும் அப்புறம் எல்லார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதாப் போச்சு. மூணாம் மாசம் முடியட்டும், நானே சொல்றேன்." ஈரக் கையை உதறினாள். "நாலு கொசு கடிச்சா என்ன ஆகிடும்? நம்ம வீட்டுக் கொசு, சுத்தமான கொசு."

நோட்டு அன்றிரவு நாட்குறிப்பில் அதை எழுதவில்லை. 'அ. ஒரு விஷயம் சொன்னாள். மகிழ்ச்சி' என்று மட்டும் எழுதினாள். நான்காம் கூண்டில் அக்காவின் முறை பதினேழாம் தேதி செவ்வாய் என்பது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவள்தானே எழுதியவள்.

பதினாறாம் தேதி திங்கள். மாலை வகுப்பில் மலேரியாப் பாடம் இரண்டாம் பகுதி. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த இருபது பேர், பாதிப் பேர் கொட்டாவியோடு. ஆசிரியை ஒரு பெரிய மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். வகுப்புக்கு வரும்போதும் அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் வருவாள். திரையில் ஒரு ரத்தத் துளியின் படத்தைப் போட்டாள். வெளிர்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே நீலமாக, வளைந்து, இரண்டு முனையும் மழுங்கிய பிறைகள்.

"இது என்ன?" என்றாள்.

"வாழைப்பழம்" என்றது கடைசி வரிசை.

"பசிக்குதுன்னு தெரியுது. இதுங்கதான் ஒட்டுண்ணியோட ஆணும் பெண்ணும். காய்ச்சலைக் கொண்டுவர்றது வேற கூட்டம். அது ரத்த அணுவுக்குள்ள புகுந்து ஒண்ணு பலதாப் பெருகி, உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அப்பதான் குளிரும் நடுக்கமும். அந்தக் கூட்டத்துல கொஞ்சம் பேர் மட்டும் பெருகுறதை நிறுத்திட்டு ஆணாவும் பெண்ணாவும் மாறிடுவாங்க. எலும்பு மஜ்ஜையில ஒளிஞ்சிருந்து, பத்துப் பன்னெண்டு நாள்ல முதிர்ந்து, இப்படிப் பிறையா ரத்தத்துக்கு வருவாங்க. வந்து என்ன செய்வாங்க?"

அவளே பதிலும் சொன்னாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. காத்திருப்பாங்க. காய்ச்சல் கிடையாது, தலைவலி கிடையாது. ஆளு எழுந்து வேலைக்குப் போவான். ஒரு கொசு வந்து குடிக்கணும். கொசு வயித்துக்குள்ள போன உடனே சூடு குறையுது பாருங்க, அதுதான் அவங்களுக்கு மணி அடிச்ச மாதிரி. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷத்துல ஆண் பிறை உருண்டு, சாட்டை சாட்டையா எட்டு இழையை வீசும். ஒரு இழை போய்ப் பெண்ணோட சேரும்."

"கல்யாணம் கொசு வயித்துலயா மேடம்?" என்றான் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவன்.

"மண்டபம் அதுதான். சாப்பாட்டுச் செலவு நம்மளது."

வகுப்பு சிரித்தது. நோட்டுவும் சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். அடுத்ததாக ஆசிரியை சொன்னதை எழுதும்போது அவள் பேனா வேகம் குறைந்தது.

"காய்ச்சல் மாத்திரை காய்ச்சல் கூட்டத்தைக் கொன்னுடும். முதிர்ந்த பிறைங்க அதுக்கு மசியாது. வாரக்கணக்கா ரத்தத்துல சுத்தும். அதனாலதான் கடைசியாத் தனியா ஒரு மாத்திரை குடுப்பாங்க. அது நோயாளிக்கு இல்லை, ஊருக்கு. நிறையப் பேர் அதைத்தான் போட மாட்டாங்க. உடம்பு நல்லாயிடுச்சேன்னு."

நோட்டு கையைத் தூக்கினாள். "கொசு குடிச்சதுலேர்ந்து எத்தனை நாள் மேடம்? அது திருப்பிக் கடிச்சு நோயைக் கொடுக்க?"

"இருபத்தேழு டிகிரின்னா பன்னெண்டு, பதிமூணு நாள். சூடு ஏறினா சீக்கிரம். வயித்துச் சுவர்ல முடிச்சு முடிச்சா வளர்ந்து வெடிச்சு, இழை இழையா உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரணும். அதுக்கப்புறம் அது சாகுற வரைக்கும் கடிக்கிற ஒவ்வொரு கடியும் ஆபத்து."

நோட்டு ஓரத்தில் எழுதினாள்: 3 + 14 = 17. எழுதியதைத் திரும்பப் படித்தாள். வழக்கமாக வரும் சந்தேகம் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி மாமாவை அழைத்தாள்.

"மாமா, உங்களுக்கு வந்தது சளிக்காய்ச்சலா?"

"என்ன திடீர்னு டாக்டராயிட்ட?"

"சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அவர் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். "அங்க முகாம்ல மலேரியான்னு சொன்னாங்க. மூணு நாள் மாத்திரை. போட்டேன், போயிடுச்சு. இங்க சொன்னா காட்டுப் பக்கம் அனுப்ப மாட்டாங்க. அலுவலக வாசல்ல வண்டியைத் துடைச்சுக்கிட்டு உக்காரச் சொல்வாங்க. அதான் சொல்லல."

"தனியா ஒரு மாத்திரை குடுத்திருப்பாங்களே. சின்னதா."

"ஆமா, காகிதத்துல மடிச்சு. நாலாம் நாள் போடச் சொன்னாங்க. அதுக்குள்ள காய்ச்சல் விட்டுடுச்சே. வண்டியில டப்பாவுக்குள்ள கிடக்கு."

நோட்டு நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க எங்க படுக்கறீங்க?"

"மொட்டை மாடியில. எதுக்கு?"

"வலை போட்டா?"

"பகல் முழுக்க வலையையே பாத்துட்டு ராத்திரியும் வலைக்குள்ள போய் முடங்கணுமா? அதெல்லாம் இல்ல. என்னடி ஆச்சு உனக்கு?"

அவள் சொன்னாள். வகுப்பில் எழுதியதை வரிசை மாறாமல் சொன்னாள். மாமா குறுக்கே பேசவில்லை. அது அவர் வழக்கமே இல்லை.

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார் கடைசியில்.

"நல்லா இருக்கறதுதான் மாமா பிரச்சினை."

"நாளைக்கு யார் கை வைக்கணும்?"

"அக்கா."

"அந்தப் பொண்ணா? கூண்டை எப்படியாவது இல்லாமப் பண்ணிடு. நீ உள்ள இருக்கறவதானே? யாருக்கும் சொல்லாத. என்னை வண்டியிலேர்ந்து எறக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?" அவர் குரல் இறங்கிவிட்டது. "உன் பேரும்தானே அதுல இருக்கு. உனக்கும்தான் வேலை போகும்."

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். மாமாவின் தெருவை நினைத்துக்கொண்டாள். வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒவ்வொரு மாடியிலும் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. புழு பிடிக்கக் காட்டுக்குப் போவானேன், எங்கள் தொட்டியிலேயே மொண்டு தருகிறேன் என்று அவரே கேலி பேசியிருக்கிறார். காய்ச்சல் விட்டு ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவர் அங்கே, மாடியில், கையும் காலும் திறந்துகிடக்கத் தூங்கியிருக்கிறார். நான்காம் கூண்டுக்காவது வலைத்துணி இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அவள் கூடத்தில் இருந்தாள். யாரும் வரவில்லை. இரட்டைக் கதவைத் தாண்டி விளக்கைப் போடாமல் நின்றாள். ஆறு கூண்டுகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நான்காவதன் அருகே முகத்தைக் கொண்டுபோனதும், மூச்சின் சூட்டுக்குச் சில கொசுக்கள் வலைத்துணியின் அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. தலை கீழே, வால் மேலே, சாய்ந்த ஆணிபோல. மெலிந்த, சுத்தமான, எந்தக் குறையும் சொல்ல முடியாத கொசுக்கள்.

கூண்டை இல்லாமல் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஈரத் துண்டு காய்ந்துவிட்டது, இயந்திரக் கோளாறுக்குப் பிறகு இந்தக் கூண்டு தேறவே இல்லை என்று எழுதிவிடலாம். அவள் எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பக்கமும் சுத்தமாக இருக்கும், மாமாவின் வண்டியும் மாமாவிடமே இருக்கும். அக்கா வேறு கூண்டில் கை வைப்பாள்.

கூண்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடையின் கோடியிலிருந்த உறைபெட்டி வரை வந்தாள். அதைத் திறக்க ஒரு கை வேண்டும். கூண்டைக் கீழே வைத்தாள். வைத்தபோதுதான் அவளுடைய பழைய சந்தேகம் தலைகாட்டியது. இவற்றை இப்போதே கொன்றுவிட்டால், இவற்றுக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் எப்போதும் தெரியாமல் போய்விடும். மூன்றாம் தேதிக்குப் பிறகு இன்றைக்குள் இதில் மூன்று கைகள் போயிருக்கின்றன. ஆறாம் தேதி மேடம், பத்தாம் தேதி அவளே, பதின்மூன்றாம் தேதி தொட்டி கழுவும் அண்ணன். நாள் கணக்குப்படி ஆபத்தில்லை. ஆனால் நாள் கணக்கு இருபத்தேழு டிகிரிக்கு. நடுவில் நான்கு நாள் முப்பது.

"கூண்டைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர்வலம்?"

ஊசி அக்கா தோள்பையோடு நடையில் நின்றிருந்தாள். முகம் கழுவிய ஈரம் காதோரம் மின்னியது. சீக்கிரம் வந்து காலி வயிற்றுக் குமட்டலைக் கழிப்பறையில் முடித்துக்கொள்வது இப்போது அவள் வழக்கம்.

"அக்கா, நீங்க இன்னிக்கு இதுல கை வைக்கக் கூடாது."

"நான் எங்க வைக்கப் போறேன்? இன்னிக்குப் பத்து மணிக்கு டாக்டரைப் பாக்கணும். தொட்டி அண்ணன்தான் இன்னிக்கு வைப்பாரு. நான் என் முறையை அவர்கிட்ட மாத்திக்கிட்டு வெள்ளிக்கிழமையே வச்சு முடிச்சிட்டேன்."

"பதிமூணாம் தேதி அண்ணன் பேருக்கு நேராத்தானே டிக் இருக்கு?" என்றாள் நோட்டு.

"வெள்ளிக்கிழமை நீ செய்முறைத் தேர்வுன்னு லீவு போட்டிருந்தியே. அண்ணன் பேருக்கு நேரா நான்தான் டிக் போட்டேன். அடிச்சு என் பேரை எழுதினா உன் மூஞ்சி சுண்டிப்போகுமேன்னு அப்படியே விட்டுட்டேன்." அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏண்டி, என்ன?"

அவள் எல்லாவற்றையும் நடையிலேயே, நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்தபோது அக்கா சுவரில் சாய்ந்து, வலது கையை இடது கையால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைத் தடிப்பெல்லாம் அடங்கி, புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது.

"எத்தனை கடி இருக்கும்?" என்றாள் நோட்டு. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எண்ணல. எண்ணுறது உன் வேலை." அக்கா நிமிர்ந்தாள். "மேடத்துக்குப் போன் போடு."

மேடம் எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். மேசையில் பதிவேடு, வெப்ப அட்டவணை, நோட்டுவின் சின்ன நோட்டு மூன்றையும் விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமாவைப் பற்றிச் சொல்லும்போதும் நோட்டு எதையும் விடவில்லை. அக்காவின் விஷயத்தை அக்காவே சொன்னாள், ஒரே வாக்கியத்தில்.

மேடம் விரலால் நாட்களை எண்ணினாள். "வெள்ளிக்கிழமை பத்தாம் நாள். அறை இருபத்தேழுலயே இருந்திருந்தா, ஒண்ணும் இல்ல போன்னு தைரியமாச் சொல்லியிருப்பேன்." அட்டவணையில் முப்பது, முப்பது என்று வரிசையாக நின்ற எண்களின் மேல் அவள் விரல் நின்றது. "இப்ப சொல்ல முடியல. முதல்ல கொசுவுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். நான் பிரிக்கிறேன்."

"நீங்க ஊசி பிடிச்சு வருஷக்கணக்காச்சு மேடம்" என்றாள் அக்கா. "என் நாற்காலியில வேற யாரும் உக்கார வேணாம்."

உறிஞ்சுகுழாயால் இருபது கொசுக்களைப் பிடித்துக் குளிரில் மயக்கிக் கொன்று கொண்டுவந்தது நோட்டு. அக்கா ஒரு துளி உப்புநீரை ஸ்லைடில் வைத்தாள். ஓர் ஊசியால் கொசுவின் மார்பை அழுத்திக்கொண்டு, இன்னொன்றால் தலையை மெல்ல இழுத்தாள். தலையோடு சேர்ந்து கண்ணாடி நூல்போல உமிழ்நீர்ச் சுரப்பி வெளியே வந்தது. மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து ஓர் அழுத்து. பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"ஒண்ணு. இல்லை."

நோட்டு எழுதினாள்.

"ரெண்டு. இல்லை."

பத்து மணி ஆகி, டாக்டரின் நேரம் தாண்டிப்போனது. யாரும் அதை நினைவுபடுத்தவில்லை. எட்டு வரை இல்லை, இல்லை என்றே வந்தது. ஒரே நாள், ஒரே கை, பிறைகள் குறைவாக இருந்திருக்கலாம், ஆணும் பெண்ணும் ஒரே வயிற்றில் சேராமலே போயிருக்கலாம் என்று நோட்டு நினைக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாவதுக்கு அக்கா எதுவும் சொல்லவில்லை. கண்ணை எடுக்காமல் திருகியை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நீ பாரு" என்றாள்.

நோட்டு குனிந்தாள். வெளிறிய வட்டத்துக்குள், உடைந்த சுரப்பியின் ஓரத்தில், மெல்லிய வளைந்த இழைகள். வெட்டி எறிந்த நகத்துணுக்குபோல, அதைவிட மெல்லியதாக. பத்து, இருபது, எண்ண முடியாத அளவுக்கு. சில மெதுவாக வளைந்து நிமிர்ந்தன. அவசரமே இல்லாமல்.

"இருக்கு" என்றாள் நோட்டு.

"எழுது" என்றாள் அக்கா. "நின்னுக்கிட்டு இருக்காத. இன்னும் பதினொண்ணு இருக்கு."

இருபதில் மூன்று. மேடம் டாக்டரை அழைத்து நெடுநேரம் பேசினாள். வெள்ளிக்கிழமை அவை சுரப்பிக்கு வந்து சேர்ந்துவிட்டனவா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று ரத்தம் எடுத்தால் இன்று ஒன்றும் தெரியாது. ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் ஒரு வாரம் சத்தமில்லாமல் இருக்கும். இருபதாம் தேதியிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் பார்க்க வேண்டும், ஒரு மாதத்துக்கு. இடையில் உடம்பு லேசாகச் சுட்டால்கூட அந்த மணி நேரமே மருத்துவமனை. கர்ப்பத்தில் இந்தக் காய்ச்சல் தாயையும் விடாது, பிள்ளையையும் விடாது.

"இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் அக்கா பையை எடுத்துக்கொண்டு. "ஊருக்கே தெரியப்போகுது." நோட்டுவின் தலையில் கை வைத்தாள். அது ஆறுதலா கோபமா என்று நோட்டுவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. கை கொஞ்சம் நடுங்கியது.

மதியம் மாமா வண்டியை வாசலில் நிறுத்திச் சாவியை மேடத்தின் மேசையில் வைத்தார். காகிதத்தில் மடித்த மாத்திரையை நோட்டுவின் கண் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கேலி எதுவும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம். குளிருது குளிருதுன்னு போர்த்திக்கிட்டுக் கிடக்கான்" என்றார்.

அதன் பிறகு நோட்டு பதிவேட்டை எடுத்தாள். அளவுகோலை வைத்து, மூன்றாம் தேதிக்கு எதிரே தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 'ஓட்டுநர்' என்று எழுதினாள். பதின்மூன்றாம் தேதிப் பெயரை அடித்து அக்காவின் பெயரை எழுதினாள். பேனா மை கொஞ்சம் ஊறிப் பரவியது.

மார்ச் 17, செவ்வாய். நான்காம் கூண்டு: பிரித்தது 20, உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்தது 3. மீதி அழிக்கப்பட்டது. மாமா மாத்திரை போட்டது பிற்பகல் 1.40, நான் பார்த்தேன். அக்காவின் உடல்வெப்பம் மாலை 5 மணிக்கு 36.8. மேடம் என்னை வேலையிலிருந்து எடுப்பதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

நாளை: காலை ஆறரைக்கு அக்கா வீட்டில் வெப்பமானி. ஏழரைக்கு மாமாவின் தெரு; முதலில் பக்கத்து வீட்டுப் பையனின் ரத்தம், பிறகு மாமாவின் ரத்தம், அதன் பிறகு வலது பக்கத்து வீடுகள் ஒன்றிலிருந்து பதினான்கு வரை, காய்ச்சல் யாருக்கு, எத்தனை நாளாக. ஐம்பது ஸ்லைடு, ஊசி, பஞ்சு எடுத்துவைக்க வேண்டும்.